புகையிலைத் தண்ணீரா, பைரித்ரமா, கராம்பு எண்ணெயா?

நுவரெலியாவுக்குக் கிட்ட, நானுஓயாப் பக்கம் தோட்ட லயத்துக்குப் பின்னால் நாங்கள் கோவாவும் லீக்ஸும் போடுகிறோம். செடிப்பேன் வந்தால் அம்மா அப்பாயியின் புகையிலையில் ஒரு கட்டை எடுத்து இரவே வாளியில் ஊறப்போட்டு, காலையில் வெறுங்கையால் பிழிந்து அடிப்பார். போன வருஷம் ஒருநாள் பிழிந்து முடித்த கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி, வாந்தி எடுத்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இயற்கை மருந்துதானே என்று இருந்த எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது.

பூச்சியின் மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்வது அசிட்டைல்கோலின் என்ற இரசாயனம் மூலம். அது போய் ஒட்டும் ஏற்பியில், நம் பள்ளிப் புத்தகத்தில் வாங்கி என்று படித்தோமே, அதில் புகையிலையில் உள்ள நிக்கொட்டினும் ஒட்டிக்கொள்ளும். அசிட்டைல்கோலினை உடனே உடைக்க ஒரு நொதியம் இருக்கிறது, நிக்கொட்டினை அதனால் உடைக்க முடியாது, அதனால் நரம்பு ஓயாமல் துடித்து, பூச்சி நடுங்கிச் சாகிறது. ஆனால் அதே வகை வாங்கி நமக்கும் இருக்கிறது, மூளையில் மட்டுமில்லை, தசையிலும். நிக்கொட்டின் தோல் வழியாகவே உள்ளே போகும். இன்னொன்று, புகையிலையில் இருக்கும் மொசைக் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றலாம்.

பைரித்ரம் ஒருவகை வெள்ளைச் செவ்வந்திப் பூவிலிருந்து வருவது. இது வாங்கியைத் தொடுவதில்லை, நரம்புக்குள் சோடியம் போகும் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எனக்குப் பிடித்த விஷயம், குளிரில் இதன் வேகம் கூடும், நுவரெலியாக் குளிருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நம் உடல் சூட்டில் அந்த வேகம் குறைவு, ஈரலும் சீக்கிரம் உடைத்துவிடும். வெயில் பட்டாலே சிதைந்துவிடும் என்பதால் அந்தியில்தான் அடிக்க வேண்டும், தேனீ கூடு திரும்புவதும் அப்போதுதான். மீனுக்கு இது கடும் நஞ்சு, ஓடைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சில பூச்சிகள் மயங்கி விழுந்துவிட்டு மறுபடி எழும்பிப் போவதும் உண்டு.

சரி, கராம்பு எண்ணெய்? அதிலுள்ள யூஜெனோல் பூச்சியின் ஒக்டொபமைன் வாங்கியைக் குழப்புகிறது. நமக்கு அட்ரினலின் மாதிரிப் பூச்சிக்கு ஒக்டொபமைன், அந்த வாங்கி நம்மிடம் இல்லை. அதனால்தான் செடிப்பேனுக்கு என் முதல் தேர்வு இது. கூடிப்போனால் இலை கருகும், சீக்கிரம் ஆவியாகிவிடும், அதனால் கொஞ்சமாகக் கலந்து திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். கோவாப் புழு கூடினால் மட்டும் பைரித்ரம்.

வேப்பங்கொட்டையை எல்லாரும் சொல்வார்கள். இந்தக் குளிரில் வேம்பு நன்றாக வளராது, கொட்டை மலைக்குக் கீழே சூடான ஊர்களில் இருந்துதான் வர வேண்டும். அது முக்கியமாக நரம்பில் வேலை செய்வதுமில்லை, புழுவைத் தின்னவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்வதுதான் அதன் வேலை. இன்றைக்கு அடித்தால் நாளைக்கும் புழு இலையில்தான் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு அம்மா மறுபடி புகையிலையைத் தேடிவிடுவாரோ என்பதுதான் என் பயம்.