பிக்புளூபட்டன்: பாடம் நடத்தவே பிறந்த மென்பொருள்

எங்கள் பல்கலைக்கழகத் துறையின் இணையவழிக் கருத்தரங்குகளை இரண்டு பருவங்களாகப் பிக்புளூபட்டன் என்னும் கட்டற்ற மென்பொருளில் நடத்தி வருகிறோம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய பணி இது. அலுவலகக் கூட்டங்களுக்காக அல்லாமல் கற்பித்தலுக்காகவே உருவானது என்பதை முதல் நாளிலேயே உணர முடிந்தது.

மாணவர்கள் தனிச் செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை, உலாவியில் இணைப்பைத் திறந்தாலே போதும். கைப்பேசியில் இடமில்லாமல் தவிக்கும் மாணவருக்கு இது சிறிய வசதியன்று. பேச்சாளர் ஏற்றும் பிடிஎஃப் பக்கங்களின் மீது பலரும் ஒரே நேரத்தில் எழுதலாம். நடுவே வாக்கெடுப்பு நடத்தலாம். பங்கேற்பாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து விவாதிக்கச் செய்து, பின்னர் பொது அரங்கிற்கு அழைத்துக்கொள்ளலாம். இவற்றுள் நான் பெரிதும் மதிப்பது பகிர்வுக் குறிப்பேட்டைத்தான். உரை நடந்துகொண்டிருக்கும்போதே மாணவர்கள் சேர்ந்து எழுதும் குறிப்புகள், கருத்தரங்கு முடிவதற்குள் ஓர் ஆவணமாகத் திரண்டுவிடுகின்றன. இணையவழிப் பாடங்களை நிர்வகிக்க உதவும் மூடில் என்னும் மென்பொருளின் 4.0 பதிப்பிலிருந்து, பிக்புளூபட்டன் அதனுடன் இணைந்தே வருகிறது.

உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உபுண்டு என்னும் இயங்குதளத்தில் இயங்கும் வலுவான சர்வரும் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் கட்டாயம் தேவை. சிறிய சர்வரில் நாங்கள் நடத்திய முதல் நிகழ்வில், எல்லோரும் கேமராவை இயக்கியதும் ஒலி துண்டுதுண்டாகியது. சர்வரை மாற்றிய பிறகு அக்குறை நீங்கியது. ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் பட்டமளிப்பு விழாவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு நேரலை ஒளிபரப்பே பொருத்தமானது.