"புதுசு மாதிரி ஆக்கித் தர்றோம்"னு சொன்னா கத்தியைக் கொடுக்காதீங்க. எட்டாயிரம் போச்சு

புதுப்பிக்க அனுப்பின என் பழைய கத்தி நேத்துதான் பார்சல்ல திரும்பி வந்துச்சு. பழைய கத்திகளைப் புதுப்பிச்சுத் தர்றதா ஆன்லைன்ல விளம்பரம் போடுற ஒரு பட்டறை. பேர் வேண்டாம். கூலி எட்டாயிரம், மொத்தமும் முன்பணம்.

கேட்டது ரெண்டே வேலை. செந்துருவை எடுக்கணும், ஆடுற பிடியை இறுக்கணும். அலகு மேல இருந்த கருஞ்சாம்பல் படலத்தைத் தொடக் கூடாதுன்னு எழுதியே அனுப்பினது. அது அழுக்கில்லை. செந்துரு உதிரும், ஈரத்தைப் பிடிச்சு வச்சு அடியில குழி பறிக்கும். கருமை அப்படியில்லை, இரும்போட ஒட்டிக்கிட்டு அசையாம இருக்கும். கருமையை விட்டுட்டுச் செந்துருவை மட்டும் எடுக்க மண்ணெண்ணெய்ல ஊறவச்சு, பித்தளைத் தகட்டு விளிம்பால மெதுவா சுரண்டினா போதும். மிச்சத்துக்கு 0000 நம்பர் எஃகுக் கம்பளி (ரொம்ப மெல்லிசான இழை), எண்ணெயோட. மெஷினே வேண்டாம்.

நம்பினது எந்த இடத்துலன்னா, வீடியோ கால்ல லென்ஸ் வச்சு, அலகுல பொறிச்சிருந்த செஞ்சவங்க முத்திரையைப் பார்த்துட்டு பட்டறைக்காரரே சொன்னார்: "சார், இது பக்கத்துல வீலே போகாது. முழுக்க கைவேலைதான்." விஷயம் தெரிஞ்ச ஆள்னு தோணுமா தோணாதா?

வந்தது முகம் பார்க்கிற கண்ணாடி. முத்திரையோட ஓரமெல்லாம் மழுங்கி, சாய்ச்சுப் பிடிச்சாத்தான் பாதி எழுத்து தெரியுது. ஆணித் துளையோட விளிம்பு ஒரே பக்கமா இழுபட்டு நீள்வட்டமா நிக்குது. கையால தேய்ச்சா இப்படி ஆகாது, பஃபிங் வீல் வேலை, அதாவது மெஷின்ல சுத்துற பளபளப்பாக்குற சக்கரம். அதைவிடக் கொடுமை பதம், அதாவது சூடாக்கித் தோய்ச்சு எஃகுக்கு ஏத்தின கடினம். வீல்ல அழுத்திப் பிடிச்சா மெல்லிசான முனைதான் முதல்ல சூடாகும். கார்பன் எஃகு 300 டிகிரி பக்கம் போனா நீலம் பூக்கும், அதுக்குள்ள பதம் இறங்கியிருக்கும். நீலத்தைத் தேய்ச்சு மறைச்சுட்டாங்க, ஆனா அரம் மறைக்காது. கடினமான எஃகுல அரம் வழுக்கும், இளகினதுல கடிக்கும்: இங்க அலகு நடுவுல வழுக்குது, முனையில கடிக்குது. இனி அந்த முனை கூர் நிக்காது. மறுபடி சூடாக்கித் தோய்ச்சல் போட்டா அலகு வளையலாம், வெடிக்கலாம், பழைய மேற்பரப்பும் மிஞ்சாது.

பிடி? கொம்புத் துண்டு ரெண்டையும் கழட்டிட்டு ரெசின் பலகை. 2 மி.மீ. ஆணித் துளையை 3 மி.மீ.க்குப் பெருசாக்கி, உள்ள எபாக்சி பசை ஊத்தியிருக்கு. பழைய ஆணியும் கொம்பும் பார்சல்ல இல்லை. இதுக்குப் பேர் மாத்தியமைக்கிறது, மீட்டெடுக்கிறது இல்லை. இதுக்கா எட்டாயிரம்?

கேட்டா முதல் பதில், "முத்திரை முன்னாடியே அப்படித்தான் சார் இருந்துச்சு." அனுப்பின போட்டோவைக் காட்டினதும், "லைட்டிங்ல அப்படித் தெரியுது." கொம்பு எங்கேன்னா, "புழு அரிச்சிருந்துச்சு, போட்டுட்டோம்." கடைசியா, "பளபளன்னு இருக்கே, எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க." அதுக்கப்புறம் மெசேஜ் படிச்ச அடையாளம் மட்டும்தான் வருது. எட்டாயிரத்துல ஒரு காசு திரும்பல.

எதைப் புதுப்பிக்கலாம், எதை மாத்தலாம்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், இப்போ முடியல. அவசரத்துக்கு இது: முத்திரை இருந்தா, அலகுல வரிக்கோலம் (எஃகுலயே ஓடுற வரி வரியான கோலம்) தெரிஞ்சா, பிடி அசலா இருந்தா மாத்தவே மாத்தாதீங்க. முன்பணம் பாதிக்கு மேல வேண்டாம். முத்திரையை அளவுகோலோட கிட்டத்துல போட்டோ எடுத்து வைங்க. கழட்டின ஒவ்வொரு ஆணியும் திரும்ப வரணும்னு எழுதி வாங்குங்க. வேலை முடிஞ்ச கத்தியைத் தோல் உறைக்குள்ளயே வச்சிருக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு மறுபடி துரு ஏறும்.