என்டி ஸ்கேனா, என்ஐபிடி இரத்தப் பரிசோதனையா?

கருவில் குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்புண்டா என்று அறிய இன்று இரண்டு வழிகள் முன்னிற்கின்றன. ஒன்று, 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, கருவின் பிடரியில் தேங்கும் நீரை அளக்கும் என்டி ஸ்கேன். மற்றொன்று, 10 வாரம் நிறைந்தபின் தாயின் இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளை ஆராயும் என்ஐபிடி.

அக்கோளாறுகளில் ஒன்றான டவுன் நோய்க்குறி மட்டுமே கேள்வி என்றால் என்ஐபிடிதான் முந்துகிறது. என்டி அளவோடு தாயின் வயதையும் இரண்டு இரத்த அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், பாதிக்கப்பட்ட 100 கருக்களில் 85 முதல் 90 வரை பிடிபடும். ஆனால் குறையற்ற கர்ப்பங்களிலும் 100க்கு 5 வீண் சந்தேகத்துக்கு உள்ளாகும். என்ஐபிடி ஏறத்தாழ 99ஐப் பிடிக்கிறது. வீண் சந்தேகமோ 1000க்கு 1 என்ற அளவில்கூட எழுவதில்லை.

ஸ்கேனின் துல்லியம் பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. பிடரித் தோலுக்கு அடியில் தேங்கும் நீரின் தடிமனை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்க வேண்டும். கரு தலையை நிமிர்த்தியிருந்தால் அளவு கூடும், குனிந்திருந்தால் குறையும், பனிக்குடச் சவ்வைத் தோலென்று எண்ணிவிட்டால் கணக்கே தவறிவிடும். ஆகவே கரு திரும்பும் வரை பொறுமையாகக் காத்திருப்பவரிடம் செய்துகொள்வதே நல்லது.

இருந்தும் ஸ்கேனைக் கைவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கர்ப்பத்தின் வயது, இரட்டைக் கரு, மண்டையோடு உருவாகாமை, வயிற்றுச் சுவரின் பிளவு ஆகியவற்றை என்ஐபிடி சொல்லாது. அது கருவினுடையவையாகக் கொள்ளும் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை என்பதால், நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து குழந்தை நலமாக இருப்பதும் உண்டு. தாயின் உடல் எடை மிகுதியாக இருந்தால், கருவின் டிஎன்ஏ போதாமல் முடிவே கிடைக்காமற் போகலாம்.

என்டி 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், என்ஐபிடிக்காகக் காத்திராமல் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிப்பது பற்றி மருத்துவரிடம் பேசுவதே முறை. ஏனெனில் என்ஐபிடி தேடாத குரோமோசோம் குறைகளும் அங்கே மறைந்திருக்கலாம். அவை இல்லையென்று தெரிந்தாலும் குழந்தையின் இதயத்தைத் தனியே ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

மாறாக, என்ஐபிடி இயல்பாக இருக்கையில், 20 வார ஸ்கேனில் இதயத்தினுள் வெண்புள்ளி ஒன்று மட்டும் தெரிந்தால், டவுன் நோய்க்குறிக்காக அஞ்சி ஊசி போட்டு நீரெடுக்கத் தேவையில்லை.