டில்லர் தூங்குகிறது, ஃபோர்க் உழைக்கிறது: காய்கறித் தோட்டத்தில் ஆறு வருட அனுபவம்

நான் வாங்கிய தோட்டக் கருவிகளில் விலை அதிகம் மினி டில்லர்தான், அதாவது சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் சின்ன எஞ்சின் மெஷின். இப்போது அது கொட்டகை மூலையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும், மண்ணில் குத்தி நெம்பும் நான்கு பல் ஃபோர்க்கின் கைப்பிடி மட்டும் கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகிவிட்டது. ஆறு வருடக் கதை இவ்வளவுதான். ஆனால் இங்கே வந்து சேர்வதற்குள் முதுகும் பணமும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டுக்குப் பின்னால் சுமார் 600 சதுர அடி இடம். சுத்தக் களிமண். வீடு கட்டும்போது வண்டிகள் ஏறி இறங்கி இறுகிப்போனது. முதலில் வாங்கியது மண்வெட்டி. தகடு பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, காம்பைப் பார்க்கவில்லை. அது என் உயரத்துக்குக் குட்டை. அரை மணி நேரம் வெட்டினால் இடுப்பு கழன்றுவிடும். இப்போது யாராவது கேட்டால், கடையிலேயே கையில் எடுத்து, வெட்டுவது போல நாலு தடவை ஓங்கிப் பாருங்கள் என்பேன். அப்புறம் மரத்தின் நார் ஓட்டம். அது காம்பின் நீளவாக்கில் நேராகப் போக வேண்டும். குறுக்காக ஓடினால் ஒரு வேரில் மாட்டி இழுக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும்.

வெயில் காலத்தில் காம்பு வற்றி, தகடு ஆட ஆரம்பித்தது. தண்ணீரில் ஊறவைத்தால் இறுகும் என்று ராத்திரி முழுக்க வாளியில் போட்டு வைத்தேன். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஓங்கியபோது தகடு கழன்று பறந்து வேலியில் போய் விழுந்தது. நல்லவேளை, யாரும் அந்தப் பக்கம் இல்லை. ஊறிய மரம், தகட்டில் காம்பு நுழையும் துளைக்குள்ளேயே உப்பி நசுங்கிவிடுகிறது. காய்ந்ததும் முன்பைவிட லூசாகிறது. ஆப்பு அடிப்பதுதான் சரி. வருடத்துக்கு இரண்டு முறை ஆளி விதை எண்ணெய் தடவுகிறேன், பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, புது மண்வெட்டி பெரும்பாலும் மழுங்கலாகத்தான் வரும். அரத்தால் ஒரு பக்கம் மட்டும் சரிவாக ராவிப் பாருங்கள், பாதி வேலை குறைந்துவிடும். இதை நான் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் ஆனது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, டில்லருக்கு வருவோம். ஒரே மதியத்தில் மொத்த இடமும் மாவு மாதிரி ஆனது. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். முதல் மழையிலேயே அந்த மாவு மேலே ஏடு கட்டிக்கொண்டது. முளைத்த கேரட் விதைகளில் பாதி வெளியே வர முடியாமல் போயின. கையை விட்டுத் தோண்டிப் பார்த்தால், பிளேடு எட்டிய ஆழத்துக்குக் கீழே வழவழவென்று ஒரு கெட்டித் தளம். தண்ணீர் அதன் மேல் தேங்கி நின்றது. இதைவிடக் கொடுமை அருகம்புல். ஒரு கொடி நூறு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் கணுவில் வேர்விட்டது. நானே என் கையால் நட்டது போலத்தான். அந்தப் புல்லைப் பொறுக்கி முடிக்க இரண்டு பருவம் ஆயிற்று.

டில்லரை முழுக்கக் குறை சொல்லவும் மனமில்லை. பெரிய இடத்தில் முதல் தடவை எருவைக் கலந்துவிட அது போல வராது. ஆனால் பிளேடு முன்பக்கம் இருக்கிற சின்ன மெஷின் இறுகிய மண்ணில் குதிக்கும், கையை உலுக்கி எடுத்துவிடும். பின்பக்கம் பிளேடு உள்ளது கொஞ்சம் அடங்கி ஓடும். பிளேடில் புல் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட்டுக் கையை வையுங்கள்.

நான் செய்த பெரிய தப்பு கருவியில் இல்லை, நாள் பார்த்ததில்தான். மழை விட்ட மறுநாளே டில்லரை இறக்கினேன். திரண்ட கட்டிகள் காய்ந்து செங்கல்லாகிவிட்டன. அந்தப் பருவமே போயிற்று. இப்போது எந்தக் கருவியை எடுக்கும் முன்பும் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் இறங்கலாம். விரல் ரேகை பதிந்து பளபளத்தால் கருவியை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். உருண்டையே பிடிக்க வராமல் கல்லாக இருந்தால், முந்தின நாள் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும். மேல்மண்ணை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அது சீக்கிரம் காய்ந்து காட்டும்.

ஃபோர்க்கை நான் மண்ணைப் புரட்டப் பயன்படுத்துவதில்லை. காலால் அழுத்தி இறக்கி, பிடியைப் பின்னால் சாய்ப்பேன். மண் வெடித்து லேசாக மேலே எழும்பும். அவ்வளவுதான், உருவிக்கொண்டு அரை அடி தள்ளி மறுபடி. புல் வேர் முழுசாக வந்துவிடும், மண்புழுவும் அவ்வளவாக வெட்டுப்படாது. முதல் ஃபோர்க்கின் ஒரு பல்லைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பி வளைத்துவிட்டேன், கல்லுக்குக் கடப்பாரைதான். இரண்டு கைப்பிடி உள்ள ப்ராட்ஃபோர்க்கும் வாங்கினேன். 1960-களில் பிரான்சில் ஆந்த்ரே க்ரெலின் உருவாக்கிய கருவி அது. ஏற்கெனவே இளகிய பாத்தியில் பிரமாதம். இறுகிய களிமண்ணில் முதல் நாள் அதன் மேல் ஏறி நின்றேன்; அது இறங்கவே இல்லை, கம்பியில் உட்கார்ந்த காக்கை மாதிரி நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.

மண்ணை வாரும் சீப்பு மாதிரியான ரேக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சமப்படுத்த அதன் முதுகுப் பக்கம்தான் உதவும்.

இப்போது பாத்திகளை நாலடி அகலத்துக்கு மேல் போடுவதில்லை. இரண்டு பக்கமிருந்தும் கை எட்டும், உள்ளே கால் வைக்கத் தேவையில்லை. பருவத்துக்கு ஒரு முறை இரண்டு அங்குலம் மட்கிய எரு மேலே போடுவதோடு சரி. போன வாரம் தக்காளிப் பாத்தியில் ஃபோர்க்கைச் சும்மா ஊன்றினேன். காலை வைக்காமலே பல் பாதி வரை இறங்கியது. டில்லரை விற்றுவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். இந்த வருடமும் தார்ப்பாயைத்தான் மாற்றினேன்.