நடுவில் கட்டிய கைக்குட்டை: இருவர் ஆடும் இழுபறி விளையாட்டுகள்

பொங்கலுக்கு ஊரில் கயிறு இழுக்கும் போட்டி வைத்தால் எல்லோர் கண்ணும் நடுவில் கட்டிய கைக்குட்டை மேல்தான் இருக்கும். அது இந்தப் பக்கம் ஒரு சாண் வந்தால் அந்தப் பக்கம் ஒரு சாண் போயிற்று. இழுபறி வகைப் பலகை விளையாட்டுகளுக்கும் இதுதான் கணக்கு. எனக்குப் பத்து, உனக்கு எட்டு என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் புள்ளி சேர்ப்பதில்லை. இருப்பது ஒரே கயிறு.

ஐப்பசி பிறந்துவிட்டால் கும்பகோணத்தில் எங்களுக்குச் சாயங்காலம் எல்லாம் வீட்டுக்குள்தான். தீபாவளிக்கு மன்னார்குடியிலிருந்து வரும் மாமா (அம்மாவின் தம்பி, பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர்) மழையைக் காரணம் காட்டி இரண்டு வாரம் தங்கிவிடுவார். இரண்டு மழைக்காலமாக அவரோடு ஆடிப் பார்த்ததை வைத்துத்தான் இந்த ஒப்பீடு. நான் பார்த்தது முக்கியமாக ஒன்றை: இழுபட்டுக்கொண்டிருப்பவருக்கு விளையாட்டு என்ன வழி வைத்திருக்கிறது?

முதலில் பெரிய பெட்டி. ‘ட்வைலைட் ஸ்ட்ரகிள்’ 2005-இல் ஆனந்தா குப்தா, ஜேசன் மேத்யூஸ் இருவரும் வடிவமைத்தது. பனிப்போர்தான் களம்; ஒருவர் அமெரிக்கா, மற்றவர் சோவியத். புள்ளிக் கோட்டின் நடுவில் பூஜ்யம், இரு பக்கமும் 20 வரை. 20-ஐத் தொட்டவர் அங்கேயே ஜெயித்தார். இல்லையென்றால் 10 சுற்று.

இதில் சுவாரசியமே கையில் வரும் சீட்டுகள்தான். எதிராளிக்குச் சாதகமான நிகழ்ச்சி என் கையிலேயே வந்து உட்காரும். அந்தச் சீட்டின் எண்ணை நாடுகளில் செல்வாக்கு வைக்க நான் பயன்படுத்தலாம், ஆனால் நிகழ்ச்சி அவருக்காக நடந்துவிடும். ஆக எந்நேரமும் ‘எந்தக் கெடுதலை எப்போது செய்துகொள்வது’ என்ற யோசனைதான். போதாததற்கு ‘டெஃப்கான்’ என்று அணுப் போர் அபாயத்தைக் காட்டும் அளவு ஒன்று 5-லிருந்து இறங்கும். யாருடைய முறையில் அது 1-க்குப் போகிறதோ அவர் அணு ஆயுதப் போரை மூட்டியவர், உடனே தோற்றார்.

போன வருஷம் அமெரிக்காவாக 14 புள்ளி முன்னால் இருந்தேன். டெஃப்கான் 2. கையில் ‘உங்களைப் புதைப்போம்’ என்ற, சோவியத் தலைவர் குருஷ்சேவின் சீட்டு. எண் 4 ஆயிற்றே என்ற ஆசையில் போட்டேன். அது சோவியத் நிகழ்ச்சி, டெஃப்கானை ஒரு படி இறக்கும். பலகையில் உள்ள விண்வெளிப் போட்டிக் கட்டத்துக்கு அனுப்பி, நிகழ்ச்சி நடக்காமலே அந்தச் சீட்டைக் கழற்றிவிட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சுற்றின் வாய்ப்பை ஏற்கெனவே வேறு சீட்டுக்குச் செலவழித்திருந்தேன். மாமா ஒரு சீட்டுகூடப் போடாமல் ஜெயித்தார். “மாப்ளே, கயிற்றை ஜோரா இழுத்த, நீயே அறுத்தும் விட்ட” என்றார்.

ஆக, கைக்குட்டை எவ்வளவு தூரம் போனாலும் இதில் நம்பிக்கை போகாது. குறை நேரம்தான். மூன்று மணி நேரம் ஆகலாம், சீட்டுகள் முழுக்க ஆங்கிலம். சீட்டுகளை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் நடக்கும் முதல் சில ஆட்டங்கள் ஆட்டமே அல்ல. மாமாவுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு: “அணிசேராக் கொள்கை என்று வருஷா வருஷம் பாடம் நடத்தினேன், இங்கே இந்தியாவை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்களே.” பலகையில் இந்தியா ஆசியாவின் முக்கியக் களங்களில் ஒன்று. கெஞ்சாத குறையாக இருவரும் அங்கே செல்வாக்கைக் கொட்டுவோம்.

‘வாட்டர்கேட்’ 2019-இல் வந்தது, மத்தியாஸ் கிராமர் வடிவமைத்தது. ஒருவர் அமெரிக்க அதிபர் நிக்சன், மற்றவர் அவருடைய குட்டை உடைக்கப் பார்க்கும் பத்திரிகை. நிக்சனுக்கு ஐந்து வேகக் காய்கள் சேர்ந்தால் போதும், பதவிக் காலத்தை ஓட்டிவிடுவார். பத்திரிகைக்காரர் இரண்டு சாட்சிகளை ஆதாரங்களால் நிக்சனோடு கோத்துக் காட்ட வேண்டும். இங்கே ஒரே கயிறு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஆதாரங்கள், வேகக் காய், அடுத்த சுற்றில் யார் முதலில் என்ற காய் எல்லாம் நடுவிலிருந்து புறப்படும். ஐந்து சின்னக் கயிறுகளை ஒரே நேரத்தில் பிடித்த மாதிரி. சுற்று முடிந்ததும் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். இந்தச் சுற்றில் கோட்டை விட்டவருக்கு அடுத்ததில் புதுக் கயிறு. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒரு ராத்திரியில் பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆடலாம்.

1972 ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்துக்குள் ஆட்கள் புகுந்து பிடிபட்டதிலிருந்து 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகியது வரை மாமாவுக்கு அத்துப்படி. அதனாலேயே பத்திரிகையை விட்டுக்கொடுக்க மாட்டார். நிக்சன் ஆதாரத்தைக் கைப்பற்றினால் அதைக் கவிழ்த்து வைத்து வழியை அடைப்பார். நான் ஒவ்வொரு முறை கவிழ்க்கும்போதும் நிஜமாகவே கோபப்படுகிறார்.

‘ராயல் விசிட்’ சுருக்கமாகச் சொன்னால் போதும். ரைனர் நிட்ஸியாவின் விளையாட்டு. ராஜாவை நம் அரண்மனைக்கு இழுத்துவர வேண்டும்; இரு பக்கமும் காவலர்கள், கூட ஒரு மந்திரவாதி, ஒரு கோமாளி. ஒரு முறையில் ஒரே பாத்திரத்தின் சீட்டுகளை எத்தனை வேண்டுமானாலும் போடலாம். படிக்க அநேகமாக எதுவும் இல்லை என்பதால் ஆறாவது படிக்கும் என் மகள் மாமாவை இதில் தோற்கடிக்கிறாள். சீட்டைச் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒரே மூச்சில் இழுப்பவர் ஜெயிப்பதுதான் கொஞ்சம் அலுப்பு.

‘செவன் வொண்டர்ஸ் டுயல்’ நல்ல விளையாட்டுதான், பலரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் அதில் கயிறு பூச்சாண்டி. ராணுவக் காய் எதிராளியின் தலைநகரை எட்டினால் உடனடி வெற்றி உண்டு. எங்கள் வீட்டில் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்கள் அங்கே போகாமல் புள்ளிக் கணக்கில்தான் முடிந்தன. இழுபறிக்காக வாங்குபவர் இதை வாங்க வேண்டாம்.

இத்தனையும் ஆடிய பிறகுதான் பரணில் இருந்த ஆச்சியின் பல்லாங்குழியை இறக்கினோம். வீட்டுக்கு வீடு விதி மாறும். எங்கள் வீட்டு வழக்கம்: 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் 70. ஆளுக்கு 35. ஆட்டம் எப்படிப் போனாலும் மொத்தம் மட்டும் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. முதல் ஆட்டம் முடிந்து நான் 45 எடுத்தேன், மாமாவுக்கு 25. அடுத்த ஆட்டத்தில் அவரால் ஐந்து குழிதான் நிரப்ப முடியும். மீதி இரண்டு மூடிக் கிடக்கும். ஒரு குழிக்குக்கூடக் காய் தேறாதவர் தோற்றார். சந்தேகமே இல்லை, இருப்பதிலேயே சுத்தமான கயிறு இதுதான்.

ஆனால் இரக்கம் கிடையாது. வாட்டர்கேட் புதுக் கயிறு தருகிறது, ட்வைலைட் ஸ்ட்ரகிள் முன்னால் நிற்பவனுக்குக் குழி வெட்டி வைக்கிறது. பல்லாங்குழி, தோற்றவரிடமிருந்து குழியையே பிடுங்குகிறது. அப்படியும் மாமா மூன்று குழிக்கு இறங்கி, ஒரு நீளமான சுற்றில் என் காய்களை வழித்தெடுத்து ஐந்து குழிக்கு ஏறினார். ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று, ஆட்டம் முடியவில்லை. பலகையை அப்படியே துணி போட்டு மூடி வைத்தோம்.

எனவே ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால் வாட்டர்கேட். ஒரே ஆளோடு வருஷக்கணக்கில் ஆடப் போகிறீர்கள் என்றால் ட்வைலைட் ஸ்ட்ரகிள். எதை வாங்கினாலும் சீட்டுகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள். எங்கள் ஊர் அடைமழையில் சீட்டெல்லாம் அப்பளம் போல வளைந்துகொள்ளும். புளியங்கொட்டைக்கு அந்தக் கவலை இல்லை.