ஓடாத மானிட்டர்: கெபாசிட்டர்களை மொத்தமாக மாற்றுவதா, அளந்து மாற்றுவதா?

பிக்சர் டியூப் வைத்த பழைய மானிட்டர் ஒன்று உயிர் வராமல் கிடந்தால், அதைத் திறப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். இத்தனை வயதான போர்டில் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் (உள்ளே திரவம் ஊறிய, மின்னூட்டத்தைத் தேக்கும் பாகங்கள்) காய்ந்துதான் போயிருக்கும், எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பது ஒரு கட்சி. கெட்டது எது என்று மீட்டர் சொல்லட்டும், அதை மட்டும் கழற்றலாம் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சியின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

எந்தக் கட்சியானாலும் முதல் வேலை ஒன்றுதான். டியூப்பின் ஆனோடில் (உயர் மின்னழுத்தம் போய்ச்சேரும் முனையில்) சுமார் 25,000 வோல்ட் இருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். அதை இறக்கும்போது டியூப்பின் முதுகைச் சுற்றி ஓடும் பின்னல் கம்பிக்குத்தான் இறக்க வேண்டும். போர்டில் கண்ட இடத்தில் இறக்கினால் ஐ.சி.க்கள் போய்விடும். சற்று நேரம் கழித்துக் கொஞ்சம் மின்னூட்டம் திரும்பவும் சேரும் என்பதால் மறுபடி ஒருமுறை இறக்குவது நல்லது. ஆனால் நான் டியூப்பைவிட அதிகம் அஞ்சுவது மின்வழங்கிப் பகுதியின் பெரிய கெபாசிட்டருக்கு. 230 வோல்ட் மின்சாரத்தில் அது 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். அதில் தேங்கும் ஆற்றல் டியூப்பில் இருப்பதைப்போலப் பல மடங்கு. ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் சுழியைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

இப்போது ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். சுவிட்சைப் போட்டால் "டிக், டிக்" என்று சத்தம் மட்டும் வருகிறது, திரை இருட்டு. பல மானிட்டர்களின் மின்வழங்கியில் யூ.சி.3842 என்ற ஐ.சி. இருக்கும். அது 16 வோல்ட்டில் தொடங்கும், 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் நின்றுவிடும். தொடங்கிய கணத்திலிருந்து டிரான்ஸ்பார்மரின் துணைச் சுற்று கைகொடுக்கும் வரை அதைத் தாங்கிப் பிடிப்பது பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய கெபாசிட்டர். அது காய்ந்தால் ஐ.சி. தொடங்கும், நிற்கும், திரும்பத் தொடங்கும். மொத்த மாற்றம் இந்தப் பழுதைத் தீர்த்துவிடும். ஆனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினாலும் தீர்ந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், படத்தை இடவலமாக விரிக்கும் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் இதே டிக் சத்தம் வரும். அப்போது போர்டு முழுக்கப் புதுக் கெபாசிட்டர் போட்டாலும் சத்தம் நிற்காது. மல்டிமீட்டர் இதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். கலெக்டர், எமிட்டர், பேஸ் என்ற அதன் மூன்று கால்களில் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டர் முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் டையோடு போலக் காட்டினால் பயப்பட வேண்டாம், உள்ளேயே டையோடு வைத்த டிரான்சிஸ்டர்கள் உண்டு. இரண்டு திசையிலும் சுழி என்றால் ஷார்ட். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே கிட்டத்தட்டச் சுழி காட்டுவதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அங்கே அந்த டிரான்சிஸ்டரை இயக்கும் டிரைவர் டிரான்ஸ்பார்மரின் சுற்று இணையாக நிற்கிறது.

புது டிரான்சிஸ்டரைப் போட்டதும் நேராக மின்சாரம் கொடுத்தால் அதுவும் போகலாம். சீரிஸ் லேம்ப் இங்கேதான் காப்பாற்றும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்து (எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது), டியூப்பின் காந்தத்தன்மையை நீக்கும் டீகாஸ் காயிலின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஆனோடுக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மரின் உட்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது ஓம் மீட்டரில் தெரியாது, அதற்குச் சுருளில் துடிப்பு செலுத்திச் சோதிக்கும் ரிங் டெஸ்டர் வேண்டும். அந்தப் பழுதுக்குக் கெபாசிட்டர் மாற்றம் எந்த வகையிலும் மருந்தில்லை.

மொத்த மாற்றத்தில் என்னை உறுத்துவது வேறொன்று. பழைய போர்டில் சூடு பட்ட செம்புப் பட்டை எளிதில் பெயர்ந்து வரும். இத்தனை கால்களைக் கழற்றி மாட்டும்போது ஒன்றாவது தலைகீழாகப் போய்விட வாய்ப்புண்டு. ஆர்வக் கோளாறில் ஹரிசாண்டல் டிரான்சிஸ்டர் பக்கத்திலுள்ள பிலிம் கெபாசிட்டர்களையும் சிலர் மாற்றிவிடுகிறார்கள். அவை எலெக்ட்ரோலிடிக் போலக் காய்பவை அல்ல. அங்கே மதிப்புக் குறைந்தால் டிரான்சிஸ்டர் மேல் விழும் மின்னழுத்தமும் ஆனோடு மின்னழுத்தமும் சேர்ந்து ஏறும். 1,500 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர்கூட அதில் போய்விடும்.

அளக்கும் வழிக்கும் குருட்டுப் புள்ளிகள் உண்டு. கெபாசிட்டரின் உள்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டர் அதைக் கழற்றாமலே சோதிக்கும், அது பெரிய வசதி. ஆனால் ஷார்ட் ஆன கெபாசிட்டரை அது அருமையானது என்று காட்டும். மின்கசிவு அதன் கண்ணில் படாது. இரண்டு கெபாசிட்டர்கள் இணையாக இருந்தால் நல்லது கெட்டதை மறைத்துவிடும். சூடேறினால் மட்டும் தலைகாட்டும் பழுதும் ஆறிய போர்டில் அகப்படாது. திரையின் குறுக்கே ஒற்றைக் கோடு மட்டும் தெரிகிற பழுதில் நான் மொத்தக் கட்சியோடு பாதி வழி போகிறேன். படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்டிகல் ஐ.சி.யின் ஹீட் சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டை) ஒட்டி நின்று வெந்த சிறு கெபாசிட்டர்களில் இரண்டு கெட்டிருந்தால் அந்தப் பகுதி முழுவதையும் மாற்றிவிடலாம். அதுவரை பிரைட்னஸைக் குறைத்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோடு டியூப்பில் பொசுங்கிவிடும்.

இரண்டு கட்சியும் மறந்துவிடுவது டிரை சால்டரை, அதாவது விரிசல் விட்ட ஈயப் பற்றை. ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மர், யோக் (டியூப்பின் கழுத்தில் மாட்டிய சுருள்) கனெக்டர், டிரைவர் டிரான்ஸ்பார்மர் ஆகியவற்றின் கால்களைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்ப்பதற்குச் செலவே இல்லை. கெபாசிட்டர் வாங்கும் முன் இதைச் செய்தாக வேண்டும்.

இன்னொரு மானிட்டரின் போர்டை எடுத்து மாட்டுவது மூன்றாவது வழி. அதே மாடலாக இருந்தால் ஒழிய வேண்டாம். யோக் பொருந்தாமல் போகலாம். பொருந்தினாலும் வடிவம், நிறம், ஃபோகஸ் எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

மொத்த மாற்றத்துக்கு உரிய இடம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மானிட்டர். இன்னும் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ள நினைப்பவர் 105 டிகிரி தாங்கும், ஈ.எஸ்.ஆர். குறைந்த ரகங்களை வாங்கி மாற்றலாம். மின்வழங்கியை முடித்து ஓட்டிப் பார்த்த பிறகு வெர்டிகல், அதை ஓட்டிப் பார்த்த பிறகு வீடியோ என்று பகுதி பகுதியாகப் போனால், ஏதாவது தவறு நடந்தாலும் கடைசியாகத் தொட்ட பகுதியில் மட்டும் தேடினால் போதும்.