அரிஸ்டாட்டிலா, பொலிபியஸா?

ஆட்சிகள் ஏன் கவிழ்கின்றன என்று பழைய கிரேக்க, ரோமச் சிந்தனையில் தேடுபவர்களுக்கு இரண்டு நூல்களைச் சொல்வேன்: அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’, பொலிபியஸின் ‘வரலாறுகள்’. பின்னதில் ஆறாம் பகுதி போதும்.

வாசிக்க எளியவர் பொலிபியஸ்தான். கி.மு. 167இல் ரோமுக்குப் பிணைக்கைதியாகக் கொண்டுபோகப்பட்ட கிரேக்கர், தன் மக்களை அடக்கிய அரசின் பலம் எங்கிருந்து வருகிறது என்று நிதானமாக ஆராய்கிறார். போர்க்களத்தில் கான்சலுக்கு, அதாவது ரோமின் உச்சப் பதவியாளருக்கு, எல்லா அதிகாரமும் உண்டு. ஆனால் மூத்தோர் அவையான செனட் மனம்வைக்காவிட்டால் படைக்குத் தானியமும் வராது, துணியும் வராது, சம்பளமும் வராது. போரா சமாதானமா என்பதில் இறுதிச் சொல் மக்களுடையது. அதிகாரங்கள் ஒன்றையொன்று தடுத்து நிறுத்துவதை இவ்வளவு தெளிவாக விளக்கியவர்கள் குறைவு. ஆனால் முடியாட்சியில் தொடங்கி, கும்பலாட்சி வரை சரிந்து, மறுபடி முடியாட்சிக்கே திரும்பும் அவருடைய சுழற்சிக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. வரலாறு அப்படி வரிசையில் நடப்பதில்லை.

அரிஸ்டாட்டில் கடினம். ஊர் ஊராக உதாரணங்களை அடுக்குகிறார். சிசிலித் தீவின் கிரேக்க நகரமான சிராகூஸில் பதவியிலிருந்த இரண்டு இளைஞர்களின் காதல் தகராறு ஆட்சியையே மாற்றியதாம். கலகம் சிறிய காரணத்தில் மூளும், பெரிய விஷயத்துக்காக நடக்கும் என்கிறார். அடியில் இருப்பது சமத்துவமின்மை. அடிமைமுறைக்கு அவர் தரும் நியாயம் அருவருப்பானது, அதைத் தாண்டித்தான் போகவேண்டும். என் தேர்வு, ஆனாலும், அவர்தான். அவகாசம் இல்லாதவர்கள் பொலிபியஸில் தொடங்கலாம்.